ஆத்தா முகத்தில் பசை தடவக் கூடாது

என் தம்பி பெண்டாட்டி பானுப்பிரியாவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவளைத் திட்டுகிற உரிமை நசரத்பேட்டையில் எனக்கு ஒருத்திக்குத்தான் உண்டு. அதைத் தினமும் ஒழுங்காகப் பயன்படுத்தியும் வருகிறேன். பிறகு நாத்தனார் என்று எதற்கு ஒருத்தி இருப்பது?

என் பெயர் சுலோசனா. கீழே இருக்கும் மாவுக்கடை என்னுடையது. சுற்றிலும் எழும்பி நிற்கிற பிளாட்டுகளில் பாதிப் பேர் வீட்டு இட்லி என் கிரைண்டரில் அரைத்ததுதான். மாடியில் தம்பி வெற்றிச்செல்வன் குடும்பம். அவன் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். அதனால் அவனுக்கும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன்.

பானு திருமழிசைப் பெண். நல்ல உயரம், நல்ல கறுப்பு, அதைவிட நல்ல பிடிவாதம். கல்யாணமாகி வந்த புதிதில் பூந்தமல்லியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வேலை என்னவென்றால், கல்யாணப் போட்டோவில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பளிச்சென்று ஆக்குவது. பளிச் என்றால் வேறொன்றுமில்லை, வெள்ளை. யார் வந்தாலும் முதலாளி அவள் பக்கம் திரும்பி, "நல்லா பளிச்சுனு பண்ணும்மா" என்பார். அவளும் பண்ணுவாள். ஒருமுறை ஆல்பம் வாங்க வந்த பெண்ணின் அம்மாவே, சொந்த மகளைக் காட்டி, "இது யாரு, மாப்பிள்ளைக்குத் தங்கச்சியா?" என்று கேட்டாளாம். அவ்வளவு கைத்திறமை.

ஆளாளுக்குக் கையில் போன் வந்ததும் ஸ்டூடியோ போன் கவர் விற்கும் கடையாக மாறியது. பானு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு ஒயர் பேக் பண்ணப் போனாள். ஷிப்டு வேலை. பிள்ளை எழுந்திருக்கும் முன்னால் வேன் வந்துவிடும், பிள்ளை தூங்கிய பிறகுதான் திரும்பக் கொண்டுவந்து விடும். பெற்ற மகள் ரோஷினியை அவள் விழித்திருக்கப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். மற்ற நாட்களில் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஷினி விளையாடிவிட்டு ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அம்மா, தண்ணி" என்றாள். வாய் தவறி வந்த வார்த்தைதான். பின்னால் மாடிப்படியில் பானு நின்றுகொண்டிருந்தாள். அன்று முழுக்க ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் கூச்சமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் வீட்டிலிருந்தே செய்கிற வேலை தேடினாள். கிடைத்தது இந்த ரெசின். வேனில் போகும்போதும் வரும்போதும் போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். இரண்டு பாட்டில். ஒன்றில் விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியாக ரெசின், இன்னொன்றில் அதை இறுக வைக்கிற மருந்து. இரண்டையும் கலந்து அச்சில் ஊற்றி, நடுவில் போட்டோவை வைத்து, மேலே இன்னொரு ஊற்று ஊற்றினால் மறுநாள் கண்ணாடிக்குள் படம் இருக்கிற மாதிரி கீச்செயின் வந்துவிடும். பொங்கல் முடிந்ததும் கம்பெனியை விட்டாள். வெற்றி அன்றைக்கு மட்டும் வாயைத் திறந்தான். "ஆடியில கூழு ஊத்தற வரைக்கும் பாரு. நிக்கலைன்னா திரும்பக் கம்பெனிக்கே போயிடு" என்றான். கம்பெனி சூப்பர்வைசரும் அதுவரை இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ரோஷினிக்கு இந்தக் கெடு தெரியும். ஆடி எப்போது வரும் என்று காலண்டரைக் கிழிக்கும்போதெல்லாம் என்னைக் கேட்பாள்.

ரெசினை ஊற்றுவது பெரிய வித்தை இல்லை. போட்டோவைத் தயார்பண்ணுவதுதான் வித்தை. காகிதத்தை அப்படியே உள்ளே போட்டால் ரெசினைக் குடித்துவிடும், பஜ்ஜி மடித்த பேப்பர் மாதிரி ஆகிவிடும். அதனால் படத்தை வெட்டி, முன்பக்கம் வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டுப் பூச வேண்டும். காய்ந்ததும் பின்பக்கம். ஓரம் விட்டுப்போகாமல் ஓரத்துக்குத் தனியாக. அது காய்ந்ததும் மறுபடி முதலிலிருந்து. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உள்ளே பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் போகும். "ஒரு கீச்செயினுக்கு இத்தனை சீமந்தமா?" என்று கேட்பேன். "பசை பூசாம விட்டா கொழந்த மூஞ்சி சாம்பலாப் பூடும் அண்ணி" என்பாள், தலையை நிமிர்த்தாமல்.

பிளாட் பிள்ளைகளின் பிறந்தநாள், காதலர்கள், ஒரு நாய்க்குட்டி என்று ஒன்றிரண்டு ஆர்டர் வந்துகொண்டிருந்தது. அதெல்லாம் கைச்செலவுக்கு ஆகும், குடும்பம் நிற்க ஆகாது. ஆடியும் நெருங்கிவிட்டது. அப்போதுதான் எத்திராஜ் வந்தார்.

எத்திராஜ் மனை புரோக்கர். எங்கள் துலுக்கானத்தம்மன் கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் ஊற்றுவோம். கூழ்ப்பானை கொண்டுவரும் வீட்டுக்கெல்லாம் கமிட்டி ஒரு ஸ்டீல் டப்பா கொடுக்கும். ஒவ்வொரு வீட்டிலும் அந்த டப்பா அடுக்கடுக்காகக் கிடக்கிறது, எதற்கும் மூடி சேராது. "இந்த வாட்டி ஆத்தா படம் போட்ட கீச்செயின் குடுக்கலாம்னு கீறேன். பளிச்சுனு பண்ணித் தருவியாம்மா?" என்று கேட்டார். அந்த ஆர்டர் நன்றாக முடிந்தால் கோயிலுக்கு வருகிற அத்தனை வீட்டுச் சாவியிலும் அவள் வேலை தொங்கும். அடுத்த ஆர்டர் தானாக வரும். முடியாவிட்டால் ஞாயிறு கூழ், திங்கள் கம்பெனி வேன்.

பூசாரி துலுக்கானத்திடம் கேட்டு, அம்மன் மஞ்சள்காப்பில் இருக்கும்போது போனில் படம் எடுத்தாள். அலங்காரம் இல்லாமல் ஆத்தாளைப் படம் எடுக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. முதலில் வீட்டிலிருந்த சின்ன பிரிண்டரில் அடித்துப் பார்த்தாள். பசை பட்டதும் மை கரைந்து நெற்றிக் குங்குமம் மூக்கு வழியாக ஓடியது. பார்க்கவே பயமாக இருந்தது. பிறகு கலர் ஜெராக்ஸ் கடையில் அடித்துக்கொண்டு வந்தாள். அந்த மை கரையாது. ஆனால் ரோஷினிக்கு அன்றைக்குக் காய்ச்சல். அவளையும் மடியில் போட்டுக்கொண்டு அவசரத்தில் முன்பக்கம் மட்டும் பசை பூசிவிட்டு, பின்பக்கத்தை மறந்துவிட்டாள். படம் எடுப்பாகத் தெரிய பின்னால் கறுப்புச் சாயம் கலந்த ரெசினை ஊற்றுவாள். அது பின்வழியாகக் காகிதத்துக்குள் ஏறி, மறுநாள் அச்சிலிருந்து எடுத்தால் ஆத்தா முகம் எல்லாம் கறுத்துக் கிடக்கிறது. ஒன்றிரண்டு இல்லை, ஒரு தட்டு நிறைய.

பானு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து எல்லாவற்றையும் வாரிக் குப்பைக்கூடை பக்கம் போனாள். நான் சும்மா இருப்பேனா? "அடிப்பாவி, ஆத்தாளைக் கொண்டுபோய்க் குப்பையில போடுவியா? கை வெளங்குமா?" என்றேன். "அப்ப இன்னா பண்றது அண்ணி?" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அத்தனை ஆத்தாளும் என் கடை அலமாரியில் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார வைத்த பிறகு பூ வைக்காமல் இருக்க முடியுமா? ஊதுவத்தி கொளுத்தாமல் இருக்க முடியுமா? மாவு வாங்க வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு பிளாட் அம்மா சில்லறையைத் தட்டில் போட்டுவிட்டுப் போனாள். இது சரிப்படாது என்று, வெள்ளிக்கிழமை நானும் பானுவும் ஒரு மஞ்சள் பையில் எல்லாரையும் எடுத்துக்கொண்டு போய் கோயில் வேப்பமரத்தடியில் வைத்தோம். உடைந்த சாமி படம், பழைய காலண்டர் எல்லாம் ஊரில் அங்கேதான் வைப்பார்கள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அடுத்த தடவை பானு ஒரு குறையும் வைக்கவில்லை. முன்னும் பின்னும் பசை. கம்ப்யூட்டரில் முகத்துக்கு இன்னும் கொஞ்சம் வெளுப்பு ஏற்றி, பளபளவென்று மாதிரிக்கு ஒரு கீச்செயின் செய்து எத்திராஜிடம் காட்டினாள். "இது, இதுதான்" என்று அவர் தலையாட்டினார். மீதிப் படங்களையும் வெட்டிப் பசை பூசிக் காயவைத்துத் தயாராக வைத்திருந்தாள். ஊற்ற வேண்டியதுதான் பாக்கி.

கூழ் ஊற்ற ஒரு வாரம் இருக்கும்போது, காலை வேளையில் எத்திராஜ் தடதடவென்று மாடிப்படி ஏறினார். பின்னாலேயே ஆட்டோ ஓட்டுகிற கிஷோர், கையில் சாவியோடு. நானும் மாவுக் கையோடு மேலே ஓடினேன்.

"இன்னாம்மா பானு, கமிட்டி கீச்செயின் ஆட்டோ ஸ்டாண்டு பூரா தொங்குது. ஆத்தா பேரைச் சொல்லி முன்னாடியே வித்துட்டியா?" என்றார் எத்திராஜ்.

பானு வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அண்ணே, அளந்து பேசு. ஊட்டுக்கு வந்த மனுஷன்னு பாக்கறேன்" என்றேன்.

கிஷோர்தான் குறுக்கே வந்தான். "அண்ணாத்தே, யாரும் விக்கல. வேப்பமரத்தாண்ட கெடந்துச்சு. ஆத்தாவே பாத்துக் குடுத்துச்சின்னு எடுத்துக்கினேன். நான் மட்டுமா, ஸ்டாண்டுல எல்லாருந்தான் எடுத்துக்கினாங்க. மீன் விக்கிற அக்காகூட கூடையில கட்டிக்கினு கீது."

எத்திராஜ் சாவியைப் பிடுங்கிப் பார்த்தார். "இது ரிஜக்ட் மால்டா. மூஞ்சியைப் பாரு, கறுப்பா கீது."

"கறுப்பாத்தான் கீது. நல்லாத்தான் கீது" என்றான் கிஷோர்.

எத்திராஜுக்குக் கோபம் அடங்கவில்லை. நாளைக்கு ஊரே கமிட்டிதான் இந்தக் கறுத்த ஆத்தாளைக் கொடுத்தது என்று பேசும், எல்லாவற்றையும் திரும்ப வாங்கு என்றார். அப்போதுதான் பானு முதல் தடவையாகப் பேசினாள். "பூசாரி அண்ணனைக் கேட்டுட்டு வாங்கிடலாம் மாமா" என்றாள்.

கிஷோர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய் துலுக்கானத்தைக் கூட்டி வந்தான். துலுக்கானம் பரம்பரைப் பூசாரி. ஆனால் பகலெல்லாம் ஒரு குடோன் வாசலில் செக்யூரிட்டி. யூனிபார்ம் போட்டு வேலைக்குக் கிளம்பியவனை அப்படியே தூக்கி வந்திருந்தான். ஷூவைக் கழற்றி, கை கழுவிக்கொண்டு, பானு செய்த பளபள ஆத்தாளை முதலில் வாங்கிப் பார்த்தான்.

"பூ நம்ம பூ. கிரீடம் நம்ம கிரீடம். மூஞ்சி யாருது?" என்றான்.

"யோவ், ஆத்தாதான்யா" என்றார் எத்திராஜ்.

துலுக்கானம் கிஷோரின் சாவியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டான். "காலையில தண்ணி ஊத்தி, மஞ்சள் பூசிட்டு நிமிந்து பாக்கறப்ப இவதான் உக்காந்துகினு இருப்பா. மேல மஞ்சள், உள்ள கல்லு. கண்ணு மட்டும் மங்கிப் போச்சு. மத்தபடி இவதான்" என்றான்.

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எத்திராஜ் மட்டும் விடவில்லை. "பிளாட்காரங்க எல்லாம் வரப்போறாங்க பூசாரி. நாலு பேரு பாக்கறதுக்குப் பளிச்சுனு வேணாமா?"

"நீ மட்டும் இன்னா அண்ணே, பாலாடையா? உன்னை வேணாம்னு ஆத்தா தள்ளிட்டாளா?" என்றேன்.

கிஷோர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எத்திராஜ் என்னை முறைத்தார். தன் முழங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவர் நிறம் எங்கள் வீட்டு இரும்புத் தோசைக்கல்லுக்கு அண்ணன். கடைசியில் அவருக்கும் உதடு கோணிச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கறுப்போ வெளுப்போ, ஞாயித்துக்கெழம காலையில கையில வரணும். வரலைன்னா நான் ஸ்டீல் டப்பா வாங்கிக் குடுத்துடுவேன், அப்பறம் என்னைச் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எல்லாரும் போன பிறகு பானுவை உட்காரவைத்துப் புத்தி சொன்னேன். "தோ பாரு, வெள்ளை ஆத்தா படமெல்லாம் பசை பூசித் தயாரா கீது. இன்னிக்கே ஊத்திடு. நாளைக்கே குடுத்துடலாம். உனக்கு வேலை நிலைக்கணும், கொழந்த கூட இருக்கணும். அத மட்டும் பாரு. அடுத்த வருஷம் கறுப்பு பண்ணிக்கலாம்."

அவள் அந்தப் பளபள கீச்செயினைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "எத்தினி பொண்ணுங்கள வெளுத்துக்கீறேன் அண்ணி. ஒவ்வொருத்தியும் அவளையே அடையாளம் தெரியாம பாத்துட்டுப் போவா. இப்ப ஆத்தாளையும் வெளுத்துட்டேனே" என்றாள்.

எழுந்து போய் அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன்.

கறுத்த ஆத்தாளையே செய்வது என்று பானு சொல்லிவிட்டாள். சொல்வது சுலபம். செய்வதற்குள் பட்ட பாடு இருக்கிறதே. முதலில் கம்ப்யூட்டரில் முகத்தைக் கறுப்பாக்கி அடித்துப் பார்த்தாள். புழுதியில் விழுந்து எழுந்த மாதிரி வந்தது. பின்பக்கம் பசை இல்லாமல் விட்டுப் பார்த்தாள். முகம் சரியாக வந்தது, ஆனால் கிரீடமும் பூவும் சேர்ந்து கறுத்தன. கண்ணில் வெள்ளி போட்டிருக்கிறார்களே, அது அடித்த காகிதத்தில் வெறும் வெள்ளைதானே, அங்கே மை இல்லை. அதனால் கண் இரண்டும் குழியாகப் போனது. பிறகு ரோஷினியின் வர்ணம் தீட்டுகிற பிரஷில் மெல்லியதை எடுத்தாள். பூவுக்குப் பசை, கிரீடத்துக்குப் பசை, புடவைக்குப் பசை, முன்னும் பின்னும். முகத்துக்கு மட்டும் கிடையாது. முகத்தை அப்படியே விட்டுவிட்டாள். கடைசியாக ஒரு தீக்குச்சி நுனியில் பசையைத் தொட்டு, அந்தக் கண் இரண்டில் மட்டும் வைத்தாள். பின்பக்கமும் வெளிச்சத்தில் பிடித்து அதே இடத்தில் வைத்தாள்.

மறுநாள் அச்சிலிருந்து எடுத்தோம். நான் பொய் சொல்லவில்லை, என் கை தானாகக் கும்பிட்டது. முகம் மட்டும் ரெசினைக் குடித்துப் பின்னால் இருந்த கறுப்பு மேலே தெரிந்தது. கறுப்புக்கு மேலே மஞ்சள். அதில் கண் இரண்டும் வெள்ளையாக முழித்துக்கொண்டு என்னையே பார்த்தன. நான் அதற்குள் ஆத்தாளிடம் நாலைந்து வேண்டுதல் வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து வீடு கல்யாண வீடு மாதிரி ஆனது. பானு குளித்துவிட்டு வந்துதான் அந்தக் கண்ணை வைப்பாள். வெற்றி குடோனிலிருந்து வந்ததும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். மலைமாதிரி பெட்டிகளைத் தூக்குகிற ஆள், ஒரு சின்னப் படத்தை ஓரம் வெட்டுவதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டான். ரோஷினி வளையம் மாட்டினாள். நான் எல்லாரையும் மேய்த்தேன். வேலை வாங்க ஒரு ஆள் வேண்டாமா?

வெள்ளிக்கிழமை கடைசிப் படங்கள் காய வேண்டும். சாயங்காலம் மழை வருகிற மாதிரி இருந்தது, அதற்குள் காய்ந்துவிடட்டும் என்று மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினோம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? நெடுஞ்சாலைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது பாருங்கள், கிளிப்பெல்லாம் ஒரு பக்கம், ஆத்தாள்கள் எல்லாம் ஒரு பக்கம். தெரு முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பறக்கிறார்கள்.

பானு "ஐயோ" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, "மிதிக்காதீங்க, யாரும் மிதிக்காதீங்க" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வைத்த காலை எடுக்காமல் நின்றுவிட்டார்கள். கிஷோர் ஆட்டோவைக் குறுக்கே போட்டு ரோட்டை மறித்தான். தண்ணீர் லாரிக்காரர் லாரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து பொறுக்கினார். கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற ஒரு பையன் கழுத்தில் அடையாள அட்டையோடு காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்தான். பொறுக்கியவர்கள் ஒவ்வொருத்தரும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கொடுத்தார்கள். சிலதில் சேறு பட்டுவிட்டது. சில ஆத்தாள்கள் எங்கே போனார்களோ. பானு எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று அழுதாள், அழுகையோடு சிரிக்கவும் சிரித்தாள். பார்த்தவர்கள் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கெட்டுப்போனதை மறுபடி அடித்து, என் மாவுக்கடை ஃபேன் மூன்றையும் அதன் மேல் திருப்பி விட்டோம். அன்றைக்கு மாவு கொஞ்சம் புளித்துப் போனது. வாங்கிப் போனவர்களிடம், ஆடி மாதம் புளித்த மாவு உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டேன். நம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தலையில் கூழ்ப்பானையும் வேப்பிலையுமாகப் பெண்கள் வரிசையாக வந்து அண்டாவில் ஊற்றினார்கள். எத்திராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மைக்கைப் பிடித்து, "கமிட்டித் தலைவரின் யோசனைப்படி இந்த வருஷம்" என்று ஆரம்பித்தார். யோசனை அவருடையதாம். போகட்டும், ஆத்தாளுக்குத் தெரியும். துலுக்கானம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். வாங்கியவர்கள் ஒரு நிமிஷம் பார்ப்பார்கள், பிறகு கருவறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், மறுபடி கையைப் பார்ப்பார்கள். ஒரு கல்லூரிப் பெண் தன் கன்னத்தோடு சேர்த்து வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். ஒரு பிளாட் அம்மா பானுவைத் தேடி வந்து, "என் பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். அவ கொஞ்சம் மாநிறம். எங்க போட்டோ எடுத்தாலும் வேற யாரையோ பண்ணிக் குடுக்குறாங்க. நீங்க அவளையே பண்ணித் தருவீங்களா?" என்று கேட்டாள். பானு தலையை மட்டும் ஆட்டினாள்.

கூழ் குடித்துக்கொண்டிருக்கும்போது வெற்றியின் போன் அடித்தது. கம்பெனி சூப்பர்வைசர். நாளைக்கு வேன் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்பதற்காக. வெற்றி போனைக் காதில் வைத்தபடி பானுவைப் பார்த்தான். பானு அவனைப் பார்த்தாள். ரோஷினி கூழ் டம்ளரை வாயிலேயே வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தாள்.

வெற்றி போனை அவளிடம் நீட்டினான். "நீயே சொல்லு" என்றான்.

பானு வாங்கினாள். "சார், நான் வரலை சார்" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள் போல. "இல்ல சார், அடுத்த மாசமும் வரலை. எனக்கு இங்க வேலை கீது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரோஷினி டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப நாளைக்கும் நீதான் ஜடை போட்டு வுடுவியாம்மா?"

"நான்தான்."

"நாளானிக்கும்?"

"நாளானிக்கும் நான்தான்."

"அத்தை வேணாம்மா. அத்தை இறுக்கிப் பின்னுவாங்க, சாயங்காலம் வரைக்கும் தலை வலிக்கும்" என்றாள் அந்தக் குட்டிப் பிசாசு, என் மடியிலேயே உட்கார்ந்துகொண்டு.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கம்பெனிக் காலம் முழுக்க அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டது இந்தக் கைதான். எனக்குச் சந்தோஷம்தான், ஆத்தா மேல் சத்தியமாகச் சந்தோஷம்தான். கொஞ்சம் வயிறும் எரிந்தது. அதனால் என்ன, பெற்றவளிடம் பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டாள். "போடி, போய் உங்கம்மாகிட்டயே பின்னிக்க" என்று சொல்லி, மடியிலிருந்து தூக்கி பானுவின் மடியில் உட்காரவைத்தேன்.